டம்ளர்கூட வரைய வராதவர்களுக்கு: நாற்பது வயதில் ஓவியம் தொடங்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மூன்று ஸ்கெட்ச் புக்குகள் இருக்கின்றன. முதலாவதில் நான்கு பக்கம் வரைந்திருக்கிறேன். இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் ஒரு கண், பாதி மூக்கு. மூன்றுமே கெட்டி அட்டை, கனமான தாள். பென்சில் பெட்டி, வாட்டர்கலர், தூரிகை, பாதியில் நின்ற ஒரு வகுப்பு எல்லாம் சேர்த்து ஆறு வருடத்தில் பதினான்காயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் தொகை எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

நான்காவது முறை தொடங்கி இப்போது பதினாறு மாதம் ஆகிறது, இன்னும் நிற்கவில்லை. நடுவில் கை ஒன்றும் அதிசயமாகத் திருந்திவிடவில்லை. வரைய உட்கார்ந்தால் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதைக் கொஞ்சம் படித்தேன். அதற்குத் தகுந்தபடி தாளையும் நேரத்தையும் மாற்றினேன். முன்பெல்லாம் நான் வரைந்துகொண்டிருக்கும்போதே எனக்குள் ஒருத்தி உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருப்பாள். அவளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். கீழே இருப்பதில் பாதி, அவளை எப்படி மாற்றுவது என்பதுதான்.

பள்ளியில் கடைசியாகப் பென்சில் பிடித்து, இப்போது வேலை, வீடு, பிள்ளைகள் நடுவே மறுபடி வரைய ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கவின்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது போதாது.

1. ஏன் வரையப் போகிறீர்கள் என்று எழுதுங்கள் (கால் மணி நேரம், செலவு இல்லை)

கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு தாளில் ஐந்து காரணம் எழுதி, அதில் பிறர் பார்ப்பது, பாராட்டுவது, பணம் கொடுப்பது சம்பந்தப்பட்டவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் போதும். எனக்கு மிஞ்சியது: "பஸ்ஸில் எதிரே தூங்குகிறவர்களின் முகம் பிடிக்கும்."

இது ஏதோ தத்துவம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் சோதனை ஒன்று செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு குழுவிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி, கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் பேனாக்களை மேசையில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் பரிசு எதுவும் பெறாத குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை.

பெரியவர்களும் இப்படித்தான். தெரேசா அமாபில் என்ற உளவியலாளர் 1985இல் எழுத்துப் பழக்கமுள்ள 72 பேரை எடுத்துக்கொண்டார். அவர்களில் ஒரு பகுதியினரிடம் புகழ், பணம் போன்ற காரணங்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லிவிட்டுக் கவிதை எழுதச் சொன்னார். அவர்கள் கவிதைதான் மற்றவர்களுடையதைவிடத் தரம் இறங்கியதாக நடுவர்களுக்குப் பட்டது. சில நிமிடம் அந்தப் பட்டியலை நினைத்ததற்கே இப்படி.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது முறை தொடங்கியபோது பத்தாம் நாளே படங்களை இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தேன். பதினைந்தாம் நாள், உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் தன் பையன் போட்டோவைக் கொடுத்து, "ஐநூறு ரூபாய் தர்றேன், வரைஞ்சு குடுங்க மேடம்" என்றார். பதினாறாம் நாளிலிருந்து பென்சிலைத் தொடவில்லை. முதல் மூன்று மாதம் யாருக்கும் காட்டாதீர்கள், ஆர்டர் எடுக்காதீர்கள், "முடித்தால் எனக்கு நானே ஐஸ்கிரீம்" என்றெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. கடைக்குப் போங்கள், 250 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போகாதீர்கள்

பள்ளிக்கூடத்துக்கு நோட்டு விற்கும் சாதாரண ஸ்டேஷனரி கடையே போதும். என் நான்காவது பில்லில் இருந்தவை: ஏ4 வெள்ளைத்தாள் நூறு, பரீட்சை அட்டை ஒன்று, ஹெச்பி, 2பி, 4பி பென்சில் ஒவ்வொன்று, ரப்பர், ஷார்ப்னர். எல்லாம் சேர்த்து 230 ரூபாய் ஆனது. உங்கள் ஊரில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கும்.

ஸ்கெட்ச் புக் வாங்காதீர்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டுவார், தாள் வழவழவென்று இருக்கும், வாங்காதீர்கள். கெட்டி அட்டைப் புத்தகத்தில் முதல் பக்கம் கெட்டுப்போனால் அது காலத்துக்கும் முதல் பக்கமாகவே இருக்கும். ஒரு பக்கம் பன்னிரண்டு ரூபாய் என்று கணக்குப் போட்ட அன்றே என் கை விறைத்துவிட்டது. வெள்ளைத்தாள் ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகாது, கெட்டால் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதலாம்.

கலர் வேண்டாம். நாற்பத்தெட்டு கலர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே இருபது நிமிடமும் போய்விடும். ஆறாவது மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

3. நேரத்தை வேறொரு வேலையோடு கட்டிப்போடுங்கள்

"தினமும் வரைவேன்" என்ற தீர்மானத்துக்கு ஆயுசு ஒரு வாரம். "இரவு பாத்திரம் கவிழ்த்து வைத்ததும், சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்க நாற்காலியில், இருபது நிமிடம்" என்பது தாங்கும். இது நடந்தால் அது செய்வேன் என்று இடமும் நேரமும் சொல்லித் திட்டமிடுகிறவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வதுதான் சூட்சுமம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். 22ஆம் நாள் பழைய சோம்பல் அப்படியே இருந்தது, எனக்குத்தான் ஏதோ குறை என்று விட்டுவிட்டேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னால் நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபாடு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஊருக்குப் போனீர்கள், காய்ச்சல் வந்தது, இரண்டு நாள் விட்டுப்போனது என்றால் மூன்றாம் நாள் உட்காருங்கள். முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

4. கையைத் திட்டாதீர்கள், கண்ணைப் பழக்குங்கள்

இந்தப் படிக்கு ஆறு வாரம் கொடுங்கள். நான் திரும்பத் திரும்பத் தடுக்கியது இங்கேதான்.

முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வரையுங்கள். முடித்ததும் பாருங்கள். அனேகமாக டம்ளரின் வாய் அகலமாக, வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அடிப்பாகமோ நேர்கோடாக இருக்கும். என் முதல் டம்ளரைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏண்டி, இது என்ன பூந்தொட்டியா?" என்று கேட்டாள்.

காரணம் இதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் டம்ளரின் வாய் ஒரு ஒடுங்கிய நீள்வட்டமாகத்தான் கண்ணில் விழுகிறது. ஆனால் டம்ளரின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தது வந்து பார்த்ததை இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றைக் கை போடுகிறது. ராபர்ட் தவுலஸ் என்ற உளவியலாளர் 1931இலேயே இதை அளந்து காட்டினார். சாய்ந்து கிடக்கும் வட்டத் தகட்டைப் பார்த்தவர்கள், கண்ணில் விழுந்த வடிவத்தைவிட வட்டத்துக்கு நெருங்கிய வடிவத்தையே தாங்கள் பார்த்ததாகக் காட்டினார்கள். பிற்பாடு 1997இல் கோஹன், பென்னட் என்ற இருவர், பெரும்பாலானவர்களுக்கு ஏன் பார்த்ததை வரைய வரவில்லை என்று ஒவ்வொரு காரணமாகச் சோதித்தார்கள். கை நடுக்கமோ பழக்கமின்மையோ சின்னப் பங்குதான், பொருளைப் பார்க்கும்போதே தப்பாகப் பார்ப்பதுதான் பெரிய காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குக் கிடைத்த நிம்மதிக்கு அளவில்லை. 'எனக்குக் கை வராது' என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடுகிற, கோலம் இழுக்கிற, ஊசியில் நூல் கோக்கிற கை அது. அதற்கு என்ன குறை?

கண்ணைப் பழக்க நான் செய்த பயிற்சிகள், அதே வரிசையில்:

முதல் வாரம் பென்சிலால் அளப்பது. கையை முழங்கை மடங்காமல் நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, டம்ளர் வாயின் அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறியுங்கள். அப்படியே பென்சிலை நிமிர்த்தி வாயின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். அகலத்தைவிட உயரம் வெகுவாகக் குறைந்திருக்கும். முதல் தடவை நம்பமாட்டீர்கள், திரும்ப அளப்பீர்கள். நான் நான்கு தடவை அளந்தேன்.

இரண்டாம் வாரம் தாளைப் பார்க்காமல் வரைவது. உங்கள் இடது கையை மேசையில் வைத்து, அதன் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்வதுபோல் கண்ணை நகர்த்துங்கள். பென்சிலும் அதே வேகத்தில் நகரட்டும். தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. வந்தது இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும், இருக்கட்டும். நன்றாக வர வாய்ப்பே இல்லாத பயிற்சி என்பதால் மார்க் போடுகிறவளுக்கு அங்கே வேலையில்லை. எனக்குப் பிடித்த வாரம் இதுதான்.

மூன்றாம், நான்காம் வாரம் பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரைவது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரியும் சுவரின் வடிவம், டம்ளர் பிடிக்கும் கையில் விரல்களுக்கு இடையே உள்ள சந்து. நாற்காலி எப்படி இருக்கும் என்று மூளை ஒரு படம் வைத்திருக்கிறது. நாற்காலிக்கு நடுவே உள்ள வெற்றிடம் எப்படி இருக்கும் என்று அதனிடம் படம் கிடையாது, வேறு வழியில்லாமல் பார்க்கும். ஒரு போட்டோவைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவதும் இதே வேலையைச் செய்யும்.

ஐந்தாம், ஆறாம் வாரம் முகம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கும். நாம் எல்லோரும் நெற்றிக்கு ஏற்றிவிடுகிறோம், ஏனென்றால் பேசும்போது யாரும் மண்டையைப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் உங்களிடம் காசு பிடுங்க வருகிறவர்கள் உண்டு. "உங்கள் வலது மூளையைத் திறக்கிறோம்" என்று இரண்டு நாள் பயிலரங்கு நடத்துவார்கள். மொழி போன்ற சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. ஆனால் கலைஞர் வலது மூளைக்காரர், கணக்குக்காரர் இடது மூளைக்காரர் என்பது கட்டுக்கதை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் ஒரு பக்கம் முழுவதுமாக ஓங்கியிருப்பதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. பயிலரங்கில் சொல்லித்தரும் தலைகீழ்ப் பயிற்சி பலன் தரும், அவர்கள் சொல்லும் காரணம்தான் தப்பு. பயிற்சியை வீட்டிலேயே இலவசமாகச் செய்யலாம். நான் 1,800 ரூபாய் கொடுத்தேன்.

5. எதை வரைவது என்பதற்கு ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்

இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். பொருட்களை எடுத்துப் பாருங்கள், திருப்புங்கள், ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள்.

1960களில் கெட்செல்ஸ், சிக்சென்ட்மிஹாயி என்ற இருவர் சிகாகோ கலைப் பள்ளி மாணவர்கள் 31 பேரிடம் ஒரு மேசை நிறையப் பொருட்களைக் கொடுத்து, விரும்பியதை எடுத்து அடுக்கி வரையச் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து 27 பொருள். சிலர் சட்டென்று இரண்டு மூன்றை எடுத்து உடனே வரையத் தொடங்கினார்கள். சிலர் நிறையப் பொருட்களைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்கள், வரையத் தொடங்கிய பிறகும் அடுக்கை மாற்றினார்கள். இந்த இரண்டாம் வகையினரின் படங்களைத்தான் கலை வல்லுநர்கள் அதிகம் புதுமையானவை என்றார்கள். கல்லூரியை விட்டுச் சில ஆண்டுகளுக்குப் பிறகும் ஓவியர்களாக நிலைத்தவர்களில் இவர்களே அதிகம்.

எங்கள் வீட்டில் மேசை நிறையப் பொருளுக்குப் பஞ்சமா? இஞ்சி, இடுக்கி, பால் கவர், சார்ஜர் ஒயர், அம்மாவின் மாத்திரை டப்பா. ஒருநாள் இடுக்கியை மாத்திரை டப்பாவைக் கவ்வுகிறமாதிரி வைத்தேன். என் படங்களில் வீட்டில் எல்லோரும் நின்று பார்த்த முதல் படம் அது.

6. ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம்

மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒருநாள் இதைச் செய்யுங்கள். தாளை மடித்துப் பன்னிரண்டு கட்டமாக்குங்கள். ஒரே விஷயத்தைப் பன்னிரண்டு விதமாக வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். 'மழை' என்று எடுத்தால் முதல் கட்டத்தில் குடை வரும், இரண்டாவதில் காகிதக் கப்பல், மூன்றாவதில் ஜன்னல் கம்பி. எல்லோருக்கும் வருவதுதான். ஐந்தாவதில் சரக்கு தீர்ந்துவிட்டதுபோல் இருக்கும். அங்கே நிறுத்தாதீர்கள். யோசனை சுரக்கச் சுரக்க எண்ணிக்கை குறையும், ஆனால் பின்னால் வருபவை முன்னால் வந்தவற்றைவிட அபூர்வமாக இருக்கும் என்பதை 1950களிலிருந்தே ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். என் மழைத் தாளில் ஒன்பதாவது கட்டம்: கொடியில் மறந்துபோன ஒற்றைச் சாக்ஸ்.

எதையும் வரையலாம் என்றால் ஒன்றும் வராது, ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் "வாசலில் ஏதாவது போடும்மா" என்றால் கோலமாவுக் கிண்ணத்தோடு நிற்பாள். "ஏழு புள்ளி, நாலு வரைக்கும், இடுக்குப் புள்ளி" என்று சொன்னால் கை ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு நான் வைத்துக்கொள்ளும் விதிகள் இதே ரகம்: இன்று நேர்கோடு மட்டும், இன்று ரப்பர் கிடையாது, இன்று இடது கை.

முன்னுதாரணம் தேடி பின்டரெஸ்டைத் திறப்பதை வரைந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் படிப்பவர்களைச் சிந்தாத காபிக் கோப்பை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அதில் ஒரு உறிஞ்சுகுழல் இருந்தது, குழல் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாதிரியைப் பார்த்தவர்களில் பலர் குழலோடுதான் வரைந்தார்கள். பார்த்தது கையில் ஒட்டிக்கொள்ளும்.

7. முட்டிக்கொண்டு நின்றால் மொட்டைமாடிக்குப் போங்கள்

பிரச்சினையை ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்து போங்கள். "கிழவர் சரியாக வரவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. "கிழவரின் தோள் பெஞ்சோடு ஒட்டவில்லை" என்று எழுதுங்கள். அப்புறம் பத்து நிமிடம் நடை. ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்ததைவிட நடக்கும்போது பெரும்பாலோருக்குப் புதிய யோசனைகள் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் கூடியது. ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, ஆகவே அளவு சரிபார்க்கிற வேலைக்கு நாற்காலிதான்.

நடக்கும்போது போன் வேண்டாம். தீராத ஒன்றை மனசு ஓரத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ரீல்ஸ் அந்த இடத்தையும் எடுத்துக்கொள்கிறது என்பது என் அனுபவம்.

8. ஆவணங்கள்: ஒரு ஃபைல், ஒரு பேனா

ஒரு பாக்ஸ் ஃபைல் வாங்கி எல்லாத் தாளையும் அதில் போடுங்கள். கசக்கியதையும் நீவிப் போடுங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் நான்கு விவரம்: தேதி, எத்தனை நிமிடம், எதைப் பார்க்க முயன்றேன், எங்கே தடுக்கியது. நன்று, சுமார், மோசம் என்று எழுதக் கூடாது.

மார்க் போடுவது ஞாயிறு காலை, அரை மணி நேரம். அந்த வாரத் தாள்களைத் தரையில் பரப்புங்கள். எது என்னை இன்னொரு தடவை பார்க்க வைக்கிறது, எந்தத் தப்பு இரண்டு முறைக்கு மேல் வந்திருக்கிறது, வரும் வாரம் எந்த ஒன்றை மட்டும் கவனிப்பது. இந்த மூன்று கேள்விக்கு மேல் போகாதீர்கள். அந்த அரை மணியில் எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருங்கள். திங்கள் இரவு மார்க் போடுகிறவள் வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தால், "ஞாயிற்றுக்கிழமை வா" என்று சொல்லுங்கள். வாய்விட்டே சொல்லலாம், நான் சொல்வதுண்டு, வீட்டில் பழகிவிட்டார்கள்.

முதல் டம்ளரை எறிந்துவிடாதீர்கள். நான்காம் மாதம் மனசு விட்டுப்போகும்போது எடுத்துப் பார்க்க அது வேண்டும்.

9. வகுப்பில் சேருவதாக இருந்தால்

மூன்றாம் மாதத்துக்கு முன் சேராதீர்கள். நான் திருச்சியில் விசாரித்த நான்கு இடங்களில் மாதக் கட்டணம் 1,000இலிருந்து 2,500 வரை இருந்தது, வாரம் இரண்டு வகுப்பு. கட்டணத்துக்குமேல் 'மெட்டீரியல் கிட்' என்று ஒன்று வரும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் பாதியில் விட்ட இடத்தில் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கினார்கள், ரசீது தரவில்லை, மூன்றாம் வாரம் ஆசிரியர் மாறினார், பணம் திரும்பவில்லை. கேட்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அடுத்தவர் ரசீதைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கட்ட வேண்டியது ஒரு மாதம் மட்டும். ரசீதில் தேதி, தொகை, எத்தனை வகுப்பு என்று இருக்க வேண்டும். சேருவதற்கு முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். அங்கே கவனிக்க வேண்டியது சுவரில் மாட்டியிருப்பதை அல்ல, ஆசிரியர் பென்சிலை வாங்கி மாணவர் தாளில் தானே திருத்துகிறாரா என்பதை. திருத்துகிறார் என்றால் படம் அழகாகும், உங்கள் கண் அப்படியே இருக்கும். எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து வரைகிறார்களா, அச்சுப் படத்தைப் பார்த்து வரைகிறார்களா என்பதையும் பாருங்கள்.

சான்றிதழ் தருவோம் என்பது ஒரு தூண்டில். வேலைக்காக உங்களுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் நிலைகள் உண்டு. அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து அதற்குப் போங்கள். பொழுதுக்கு வரைகிறவருக்குச் சான்றிதழ் எதற்கு?

குழுவாக உட்கார்ந்து யோசனை பண்ணும் வகுப்பும் உண்டு. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நான்கு பேர் கூடிப் பேசிச் சேர்த்த யோசனைகளைவிட, நான்கு பேர் தனித்தனியாக எழுதியதைத் தொகுத்தபோது அதிகம் கிடைத்தன. ஆகவே தனியாக வரைந்துவிட்டு, அப்புறம் கூடிப் பாருங்கள்.

10. இது வைத்தியம் அல்ல

வரைந்தால் மனசு லேசாகிறது, உண்மைதான். 2016இல் வந்த ஓர் ஆய்வில் 39 பேர் முக்கால் மணி நேரம் கலைப்பொருள் செய்தபோது, சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் வித்தியாசமில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை, அதனால் இதை வைத்து யாராவது 'ஆர்ட் தெரபி' விற்றால் நிதானியுங்கள். தன்னை மருத்துவ உளவியலாளர் என்று சொல்கிறவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, வரையவும் மனசில்லாமல் போனால் பென்சிலை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

11. இரவு எழுந்திருக்கும் முன்

இருபது நிமிடம் முடிந்ததும், படம் முடியாவிட்டாலும் எழுந்துவிடுங்கள். முடிந்துவிட்டால் புதுத் தாளை அட்டையில் செருகி, நாளைக்கு வரையப் போவதில் ஒரே ஒரு கோட்டை இழுத்துவிட்டு எழுந்திருங்கள். 1928இல் பெர்லினில் மரியா ஓவ்சியாங்கினா என்ற ஆய்வாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை யாரும் சொல்லாமலே மனிதர்கள் திரும்பப் போய் எடுப்பதைக் கவனித்தார். வெறும் தாளுக்கு அந்த இழுப்பு கிடையாது.

பரீட்சை அட்டையை அலமாரியில் வைக்காதீர்கள். மேசையிலேயே, தண்ணீர்ச் சொம்பு படாத பக்கமாக வையுங்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கு அதில் இருப்பது டபராவின் விளிம்பு, பாதி.